மலைவழியில் மாளிகை வேண்டுமா?

நெடுவழி நடந்து களைத்தவர்க்கு அந்திவேளையில் ஒரு கூரை தென்படுவதிலும் பெரிய ஆறுதல் வேறில்லை. ஆயின், அக்கூரையின் கீழ் எவ்வளவு வசதி இருத்தல் வேண்டும்? மலைகளிலே கால்நடையாகச் செல்வோர் மிகுந்த நாடுகளில் இது ஓயாத வாதமாகும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைவழி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1921 ஆம் ஆண்டில் பென்டன் மக்காய் என்பவர் இவ்வழியைப் பற்றிய திட்டத்தை வெளியிட்டார். 1937 இல் அது நிறைவெய்தியது. தெற்கே ஜோர்ஜியாவில் தொடங்கி வடக்கே மெயினில் முடியும் இவ்வழி, 14 மாநிலங்களூடாக ஏறத்தாழ 2,200 மைல் செல்கின்றது. இதில் 250 க்கு மேற்பட்ட தங்கிடங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை மூன்று சுவரும், ஒரு சாய்ந்த கூரையும், பலகைத் தளமுமே கொண்டவை. முன்புறம் திறந்தே கிடக்கும், கதவுமில்லை, காவலாளியுமில்லை. முந்தி வந்தவர்க்கே இடம். அருகில் ஒரு நீரூற்று, சற்றுத் தள்ளி ஒரு மலசலகூடம், அவ்வளவே.

இவ்வழி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெண்மலைகளை அடையும்போது நிலைமை வேறாகின்றது. அங்கே அப்பலாச்சியன் மலைச்சங்கம் எட்டு விடுதிகளை நடத்துகின்றது. படுக்கையும் சுடுசோறும் உண்டு, கட்டணமும் சிறிதன்று. இதனை வீண் ஆடம்பரமெனத் தள்ளிவிடலாமா? 1900 ஆம் ஆண்டு யூன் 30 ஆம் திகதி, கோடை காலத்திலேயே, வாஷிங்டன் சிகரத்தை நோக்கி ஏறிய கர்ட்டிஸ், ஓர்ம்ஸ்பீ என்னும் இருவர் பனிப்புயலில் அகப்பட்டு மாண்டனர். அடுத்த ஆண்டில் அச்சங்கம் அங்கே ஒரு சிறு புகலிடம் அமைத்தது; 1915 இல் அதற்கு அண்மையில் ஒரு விடுதி எழுந்தது. மரமும் வளராத அவ்வுயரத்தில் நான்கு சுவரும் கதவும் ஆடம்பரமல்ல; உயிர்க்காப்பு.

அங்ஙனமாயின், எங்கும் அவ்வாறே கட்டினால் என்ன? கட்டுவது எளிது, பேணுவதே அரிது. சாலையில்லா மலைக்குப் பலகையும் ஆணியும் பெரும்பாலும் தொண்டர்களின் தோளிலேயே ஏறவேண்டும். வசதி கூடக் கூட்டமும் கூடும். கூட்டம் கூடக் குப்பையும் கூடும். உணவு சிந்தும் இடத்தை எலிகள் விடுவதில்லை. ஆதலால் உணவுப் பையைக் கயிற்றில் தொங்கவிட்டு, எலி இறங்காதபடி கயிற்றின் இடையே வெறுந்தகரப் பேணியைக் கோத்து வைப்பது அங்கு வழக்கம்.

கிரேட் ஸ்மோக்கி மலைகளிலே நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. கரடிகளுக்கு அஞ்சித் தங்கிடங்களின் திறந்த முகப்பைக் கம்பிவேலியால் அடைத்தனர். உள்ளிருந்தோர் அச்சம் நீங்கி, வேலியினூடாகக் கரடிகளுக்கு உணவூட்டத் தொடங்கினர்! காக்க வைத்த வேலியே கரடியை அழைக்கும் விருந்து வாயிலாயிற்று. முடிவில் வேலிகள் அகற்றப்பட்டன. உணவுப் பைகளை உயரத்தில் தொங்கவிடக் கம்பிவடங்கள் அமைக்கப்பட்டன. பெரிய பாதுகாப்புச் செய்யாததை எளிய ஏற்பாடு செய்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? தங்கிடத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது கட்டுவோரின் ஆசையன்று, அவ்விடத்தின் ஆபத்தேயாகும். குளிர்காற்று கொல்லும் சிகரத்தில் உறுதியான சுவர் வேண்டும். மழைக்கு ஒதுங்கினாற் போதுமென்ற காட்டில் மூன்று சுவரே போதும். "இன்னும் எதனைச் சேர்க்கலாம்?" என்று கேட்பதை விடுத்து, "எது இல்லாவிடின் வழிச்செல்வோர்க்குத் தீங்கு நேரும்?" என்று கேட்பதே முறை. அங்ஙனம் கட்டப்படும் தங்கிடத்தில், பணமில்லா மாணவனுக்கும் ஓரிடம் கிடைக்கும். காடும் காடாகவே இருக்கும்.