பாரிஸில் ஒரு ரொட்டிக்கடை

பாரிஸில் ஐஃபிள் கோபுரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தானே கண்ணில் படும். நல்ல ரொட்டிக்கடையைத்தான் தேட வேண்டும். தெருவுக்குத் தெரு கடை இருக்கும்போது எதற்குள் நுழைவது?

என்னுடன் வந்த அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார். ஆறு நாள் பயணத்தில் அவர் எதைச் சாப்பிட்டுப் பசியாறுவார் என்பதுதான் புறப்படும் முன் எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. அதனால் கடையை ருசிக்காக மட்டும் தேடவில்லை.

முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 'புலாஞ்செரி' என்று எழுதியிருந்தால், மாவு பிசைவது முதல் சுடுவது வரை அந்தக் கடைக்காரரே அங்கேயே செய்ய வேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டுச் சட்டம். உறைய வைத்த மாவுக்கு அங்கே இடமில்லை.

அடுத்து, வெறும் 'பாகெத்' என்று கேட்காமல் 'திரதிஸியோன்' என்று கேளுங்கள். 1993ஆம் ஆண்டு ஆணைப்படி இந்த ரொட்டியில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஆகியவையே அடிப்படை. ரசாயனச் சேர்க்கை கூடாது. முட்டையும் பாலும் இல்லை. அம்மாவின் பிரச்சினை இதிலேயே பாதி தீர்ந்தது.

குரோசான் கதை வேறு. உள்ளே வெண்ணெய், மேலே பளபளப்புக்கு முட்டை பூசுவது வழக்கம். தங்கியிருந்த வீட்டுக்கு அருகில் இருந்த சிறிய கடையில், 'முட்டை இல்லாமல்' என்று பிரெஞ்சில் கைப்பேசியில் காட்டினேன். கடைக்காரப் பெண்மணி குரோசானுக்கும் ஆப்பிள் பணியாரத்துக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். வாசலிலேயே நுனியைப் பிய்த்து வாயில் போட்ட அம்மா, "நம்மூரு ரொட்டி பஞ்சு மாதிரி, இது வடை மாதிரி சத்தம் போடுதே!" என்றார். அன்று முதல் அதுவே எங்கள் கடை. குரோசான் என் பங்கு.

அம்மாவுக்கு இன்னொரு செய்தியும் சொன்னேன். 2023இல் பாரிஸின் சிறந்த பாகெத் போட்டியில் வென்றவர், இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர். பரிசு 4,000 யூரோவுடன், அதிபர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் வாய்ப்பும் கிடைத்தது. "நம்ம பிள்ளை சுட்ட ரொட்டியா அதிபருக்கு!" என்று அம்மா ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப் அனுப்பினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், அங்கே அது மரியாதை. பல கடைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை; ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். வாங்கிய ரொட்டியை அன்றே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் விறகாகிவிடும். மிஞ்சினால் கவலையில்லை. வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் போட்டு அம்மா கிண்டிய ரொட்டி உப்புமா பிரமாதம்!