வயிற்றில் புளியைக் கரைப்பது யார்?

அரையாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை நாள் காலை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளின் தட்டில் இரண்டு இட்லி. ஒரு விள்ளலைப் பிய்த்துச் சட்னியில் தொட்டவள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்குப் போகவில்லை.

"மாமா, வயித்துல புளியைக் கரைக்குது."

பாட்டிகள் காலத்துப் பேச்சு இது. ஆனால் உண்மையிலேயே உள்ளே ஒரு வேலை நடக்கிறது. புளியைத்தான் காணோம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. 'ஆபத்து' என்று மூளை குரல் கொடுத்ததும் அங்கிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் வந்து சேரும். இதயம் படபடக்கும். கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் அவிழ்த்துவிடும். குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குக் கூடும். உமிழ்நீர் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்ளும். இட்லி இறங்காததற்கு இதுதான் காரணம். நாய் துரத்தும்போது யாராவது நின்று செரித்துக்கொண்டிருப்பார்களா? ஓட்டம் முதலில், செரிமானம் அப்புறம்.

நாய் துரத்தினால் நாலு தெரு ஓடலாம். சர்க்கரையும் செலவாகும், நாயும் திரும்பிவிடும், உடம்பும் அடங்கிவிடும். கணக்குப் பரீட்சை துரத்தினால் எங்கே ஓடுவது? ஓடுவதற்கான சர்க்கரையை உடம்பு எடுத்துக் கொடுத்துவிட்டது, நாமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அதுவும் ஒரு நாள் அல்ல, தேர்வுத் தேதி சொன்ன நாளிலிருந்து.

இப்படி நாள்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும்? கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளுக்கு ஒரு சுரப்பிச் சாற்றை ஊசி போட்டு ஆராய்ந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. சாற்றின் வேலை என்று நினைத்தார். வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளுக்கும் அதே கதி! செல்யேவுக்கு எலியைப் பிடிக்கவே வராது என்கிறார் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற விஞ்ஞானி. கையிலிருந்து நழுவவிடுவாராம், துடைப்பத்தோடு அறை முழுக்க விரட்டுவாராம். எலிகளைப் படுத்தியது மருந்தல்ல, மருந்து போட்டவர். பிறகு குளிரில் விட்டும், அளவு மீறி ஓடவைத்தும் பார்த்தார். அப்போதும் அதே மாற்றங்கள். 1936-இல் 'நேச்சர்' இதழில் இதைச் சின்னக் கடிதமாக எழுதினார். மனஅழுத்தம் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே முக்கியமான தொடக்கம். (மனிதர்களின் வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. பரீட்சை வந்தால் புண் வரும் என்று பயந்துவிடாதீர்கள்.)

அன்று சாயங்காலம் சுவரில் ஒட்டியிருந்த அவளுடைய கால அட்டவணையைப் பார்த்தேன். ஸ்கெட்ச் பேனாவில் அழகாகத்தான் எழுதியிருந்தாள். காலை 4.30-க்கு எழ வேண்டும், இரவு 11-க்குப் படுக்க வேண்டும். சைக்கிள் ஓட்டும் நேரத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. எதிர்வீட்டுத் தோழியோடு பேசும் நேரத்தின் மேல் இன்னொன்று. படிப்பு அதிகமானதில் எனக்கு வருத்தமில்லை. எதை வெட்டினாள் என்பதுதான் வருத்தம். படபடப்பை அடக்கும் வழிகளையெல்லாம் தேடித் தேடி அடித்திருந்தாள்.

சைக்கிள் மிதித்தால், கல்லீரல் அவிழ்த்துவிட்ட அந்தச் சர்க்கரை தசைக்குப் போகும். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கமோ அதைவிட முக்கியம். 6 முதல் 12 வயதுக்காரர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. பகலில் படித்ததை மூளை பதியவைப்பது தூக்கத்தில்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ அந்தக் காலத்துல நாலு மணிக்கு எழுந்துதானடா படிச்சே?" என்றாள். நான் வாங்கிய மதிப்பெண்ணை நல்லவேளையாக இருவரும் பேசவில்லை.

தோழியோடு பேசுவது வெட்டிப்பேச்சு என்பீர்களா? பேச்சின் பலத்துக்கு ஒரு சோதனை உண்டு, அதில் பேசியது தோழி அல்ல, அம்மா. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயதுவரை உள்ள 61 சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பேசவும் கணக்குப் போடவும் சொன்னார்கள். எல்லோருக்கும் கார்டிசால் எகிறியது. பிறகு சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலரிடம் அம்மா தொலைபேசியில் பேசினார். மற்றவர்கள் ஒரு படம் பார்த்தார்கள். அம்மா குரலை மட்டும் கேட்ட சிறுமிகளுக்கும், அணைப்புக் கிடைத்தவர்களைப் போலவே கார்டிசால் சீக்கிரம் இறங்கியது. படம் பார்த்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. இது 2010-இல் வெளியானது. அடுத்த சோதனையில் அம்மாவிடமிருந்து எழுத்தில் செய்தி மட்டும் வந்தது. பலனில்லை. குரல் வேண்டும்!

சிவப்புக் கோடுகள் இரண்டையும் அழித்துவிட்டோம். எழும் நேரத்தைப் பற்றி அக்காவோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது நாடி கொஞ்சம் தாமதித்து அடிக்கும். வினாத்தாளுக்காகக் காத்திருக்கும்போதும் இதைச் செய்யலாம். முதலில் ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள், இப்படி ஐந்து நிமிடம் மூச்சு விட்ட பிறகு மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.