கவுண்டர்சிங்க்: கருவித் தேர்வும் பயன்பாடும்

கவுண்டர்சிங்க் என்பது உலோகத்தில் இட்ட துளையின் வாயைக் கூம்பு வடிவில் விரிக்கும் வேலையாகும். தட்டைத் தலைத் திருகு அல்லது ரிவெட்டின் தலை உள்ளே அமர்ந்து மேற்பரப்போடு சமமாக நிற்பதற்காக இது செய்யப்படுகிறது. இதற்கான வெட்டுக்கருவியும் இதே பெயரால் அழைக்கப்படுகிறது. துளை விளிம்பின் பிசிறை நீக்கவும் இக்கருவி உதவும். தலை சரியாக அமர, கோணம், ஆழம், மையம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

கோணம்

மெட்ரிக் திருகுகளின் தலைக்கோணம் 90 பாகை. அமெரிக்க அங்குலத் திருகுகளுக்கு 82 பாகை. விமானங்களில் பெரும்பாலும் 100 பாகை. 82-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் 90 பாகைத் திருகை 82 பாகைக் குழியில் இறுக்கினால் தலையின் மேல்விளிம்பு மட்டுமே உலோகத்தைத் தொடும். மாற்றிப் போட்டால் தலையின் அடிப்பகுதி மட்டுமே தொடும். இரண்டிலும் சுமை கூம்புப் பரப்பு முழுவதும் பரவாமல் ஒரு மெல்லிய வளையத்தில் குவிகிறது; இணைப்பு தளர இதுவே வழி.

சாதாரண டிரில்லின் முனைக்கோணம் 118 பாகை. எனவே பெரிய டிரில்லைக் கொண்டு துளைவாயை விரிப்பது திருகுத் தலைக்குப் பொருந்தாது.

கருவி வகைகள்

- ஒற்றை வெட்டுவிளிம்பு உடையது: அதிர்வு குறைவு, வெட்டும் வேகமும் குறைவு.
- மூன்று விளிம்பு உடையது: பட்டறையின் பொது வேலைகளுக்கு ஏற்றது.
- ஐந்து, ஆறு விளிம்புகள் உடையது: உறுதியான எந்திரத்தில் மட்டுமே நன்றாக வெட்டும்.
- குறுக்குத்துளை உடையது: கூம்பின் குறுக்கே சாய்வாகச் செல்லும் துளையின் ஓரமே வெட்டுவாய். பிசிறு நீக்கவும், அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களுக்கும் ஏற்றது.
- வழிகாட்டி முனை உடையது: முனை துளைக்குள் நுழைந்து மையம் விலகாமல் காக்கும்.

ஆழம்

90 பாகைக் கூம்பில், ஆழம் கூடும் அளவைப்போல் இருமடங்கு விட்டம் கூடும். 6 மி.மீ. துளையின் வாயை 12 மி.மீ. ஆக்க 3 மி.மீ. ஆழம் போதும். ஆழம் 0.1 மி.மீ. தவறினால் விட்டம் 0.2 மி.மீ. தவறும். ஆகவே குழியின் ஆழத்தை அளப்பதைவிட வாயின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளப்பது எளிது, துல்லியமும் கூடும்.

ஒரே அளவில் பல குழிகள் தேவைப்பட்டால் டிரில்லிங் எந்திரத்தின் ஆழத் தடுப்பைப் பயன்படுத்த வேண்டும். விமானத் தகட்டு வேலையில் பயன்படும் மைக்ரோஸ்டாப் கூட்டில் ஆழத்தை 0.001 அங்குலப் படிகளில், அதாவது ஏறக்குறைய 0.025 மி.மீ. அளவில், மாற்றலாம்.

செய்முறை

1. வேலைப்பொருளை வைஸில் உறுதியாகப் பிடிக்கவும். துளையிட்ட பின் பொருளை நகர்த்தாமல் கருவியை மட்டும் மாற்றினால் மையம் தானாகவே பொருந்தும்.
2. அதே விட்டமுள்ள டிரில்லுக்கு உரிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வைக்கவும். மென் எஃகில் 12 மி.மீ. உயர்வேக எஃகுக் கருவிக்கு நிமிடத்திற்குச் சுமார் 200 சுற்றுகள் பொருந்தும்.
3. எஃகுக்கு வெட்டு எண்ணெய் இடவும். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம்.
4. ஒரே சீராக அழுத்தவும். வேகம் கூடி அழுத்தம் குறைந்தால் கருவி அதிரும். குழியின் சுவர் வட்டமாக இல்லாமல் அலையலையாக அமையும்.
5. முதல் குழியை ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, உரிய திருகையே வைத்துப் பார்த்த பின் ஆழத் தடுப்பைப் பூட்டவும்.
6. சீவலைக் கையால் அகற்றக் கூடாது, தூரிகை பயன்படுத்தவும். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

மெல்லிய தகட்டில் எச்சரிக்கை

கூம்பு தகட்டின் அடிப்பக்கம் வரை சென்றால், துளையின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்துவிடும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேல் பறந்த அலோகா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளை ஒட்டியிருந்த பசை விடுபட்டதால் சுமை ரிவெட்டுகளின் மீது ஏறியது. ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமனே கொண்ட தகட்டில் ரிவெட் குழி முழுத் தடிமனையும் கடந்து சென்றிருந்தது. அந்தக் கத்திமுனை விளிம்புகளில் உலோகச் சோர்வு விரிசல்கள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்தன.

எனவே, குழியின் ஆழம் தகட்டின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தகடு அதற்குப் போதாதபோது, உலோகத்தை வெட்டாமல் அச்சுகளுக்கு இடையே அழுத்திக் குழிவு ஏற்படுத்தும் டிம்பிளிங் முறை கையாளப்படுகிறது. இல்லையெனில் மேலே துருத்தி நிற்கும் உருண்டைத் தலை ரிவெட்டே பாதுகாப்பானது.