மண்புழுவுக்கு எங்கே தீனி?

மழை விட்ட மறுநாள் காலையில் வரப்போரம் குனிந்து பார்த்தால், கடுகளவு மண் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். மண்புழுவின் எச்சம் அது. ஈரத்தில் விரலால் நசுக்கினால் பிசுபிசுக்கும். நன்றாகக் காய்ந்தபின் ஓர் உருண்டையைத் தண்ணீரில் போட்டாலும் சட்டென்று கரையாது. பக்கத்து மண்கட்டியைப் போட்டால் பெரும்பாலும் உடனே சேறாகிவிடும்.

அந்த உருண்டைக்குள் என்ன நடந்தது? மண்புழுவுக்குப் பல் கிடையாது. மண்ணையும் மட்கிய இலையையும் சேர்த்தே விழுங்குகிறது. கூடவே போன மணல் துகள்கள் அரைவைப்பையில் திரிகையாய் வேலை செய்கின்றன. அதற்கடுத்த குடலில் நடப்பதுதான் அதிசயம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை தீனி கிடைக்காமல் உறங்கியே கிடப்பவை. புழு தன் குடலில் தண்ணீரையும் எளிதில் செரிக்கும் ஒருவகைக் கோழையையும் சுரந்து மண்ணோடு கலக்கிறது. ஈரமும் உணவும் ஒருங்கே கிடைத்ததும் அவை விழித்துக்கொண்டு, வேர்களுக்கு எட்டாமல் கிடந்த மட்கைச் சிதைக்கத் தொடங்குகின்றன. முடங்கிக் கிடந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் செடி உறிஞ்சும் வடிவத்துக்கு வருகின்றன. எச்சத்தில் இந்தச் சத்துகள் சுற்றியுள்ள மண்ணைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பது அதனால்தான்.

டார்வின் 1881-இல் மண்புழுக்களுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். பத்தே ஆண்டுகளில், 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளையின் பாத்திரமான நடராசன், நாங்கூழ் எனப்படும் மண்புழுவை விளித்து அதன் ஓயாத உழைப்பைப் போற்றுகிறான். அந்த உழைப்பை இன்று எல்லாரும் அறிவோம். உழைப்பவனுக்குத் தீனி வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். புழு எந்தச் சத்தையும் புதிதாக உண்டாக்குவதில்லை. மண்ணில் ஏற்கெனவே இருப்பதை விடுவிக்கிறது, அவ்வளவே. மட்கில்லாத வயலில் விடுவிக்க என்ன இருக்கும்?

நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மண்புழு இருந்த மண்ணில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. தாளையும் சருகையும் வயலுக்கே திருப்பிய இடங்களில் பலன் அதிகம். தழைச்சத்து உரம் தாராளமாக இட்ட இடங்களில் புழுவின் பங்கு கண்ணுக்கே தெரியவில்லை. பயறு வகைகளிலும் அப்படித்தான். அவை காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றன அல்லவா?

தீனியோடு புழு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழகத் தேயிலைத் தோட்டங்களில் கண்கூடாகக் கண்டார்கள். பல்லாண்டுகள் உரமும் பூச்சிக்கொல்லியும் கண்ட அந்த மண்ணில் புழுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. 1990-களில் பாரி அக்ரோ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒடிசாவின் சம்பல்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்ரம் சேனாபதியும் பிரெஞ்சு மண்ணியலாளர் பாட்ரிக் லாவெலும் ஒரு முறையை வகுத்தார்கள். தேயிலை வரிசைகளுக்கு இடையே பள்ளம் வெட்டி, கவாத்து வெட்டிய கிளை இலைகளையும் தொழுவுரத்தையும் அடுக்கடுக்காய் நிரப்பி, அதில் புழுக்களை விட்டார்கள். எளிதில் மட்குவதையும் மெதுவாக மட்குவதையும் கலந்து வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்னது புழுவுக்கு உடனடித் தீனி, பின்னது மாதக்கணக்கில் கிடைக்கும் சேமிப்பு. ரசாயன உரம் மட்டுமே இட்ட இடங்களைவிட அங்கே கொழுந்து விளைச்சல் பெரிதும் கூடியது.

அங்கே விட்ட புழுக்களில் முக்கியமானது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பொன்டோஸ்கோலெக்ஸ். பிரேசிலின் மனௌஸ் நகருக்கருகே காட்டை அழித்துப் புல்வெளியாக்கிய நிலத்தில் அதே புழு வேறு கதை எழுதியது. காட்டின் மற்ற மண்ணுயிர்கள் அழிந்துபோக இது மட்டும் பெருகி, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 டன்னுக்கும் மேல் எச்சம் தள்ளியது. அதை உடைத்துப் பொலபொலப்பாக்க ஆளில்லை. மேல்மண் இறுகி, மழைநீர் இறங்க வழியின்றிப் போயிற்று. புழுவைத் தனியாளாக நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மண்புழு உரத் தொட்டியில் வளரும் புழுவை வாங்கி வயலில் கொட்டுவோரும் உண்டு. தொட்டிப் புழுக்கள் பெரும்பாலும் சாணத்திலும் குப்பையிலும் வாழ்பவை. வெறும் மண்ணில் அவை நிலைப்பதில்லை. சென்னை புதுக் கல்லூரியில் பணியாற்றிய மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்கே உரிய இனங்களைப் போற்றச் சொல்லி வருபவர். அவர் ஆராய்ந்த லாம்பிட்டோ மாரிட்டி மண்ணைக் குடைந்து வாழும் இனம். அப்படிப்பட்ட உள்ளூர்ப் புழுக்களுக்கு வேண்டியது வைக்கோல் மூடாக்கும் நிழலும் ஈரமும்தான். கார்போபியூரான் போன்ற நஞ்சைத் தூவினால் அவை மடியும். ரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. மட்கு ஏறஏறப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

உங்கள் நிலத்தில் மண்புழுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க மண்வெட்டியைத் தவிரக் கருவி ஏதும் வேண்டாம். ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்தபின், காலை வெயில் ஏறுமுன், ஓர் அடி நீள அகல ஆழத்தில் மண்ணை வெட்டிச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்து எண்ணுங்கள். வயல் நடுவில் ஒரு குழி, சருகு விழும் மரத்தடியில் ஒரு குழி. இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஐப்பசியில் அதே இடங்களில் மறுபடி வெட்டுங்கள்.