பட்டா, சுங்குடியா? சித்திரை வந்தால் மதுரைக்கு வரும் கேள்வி

கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரைக்காரர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பது, ‘இந்த வருஷம் என்ன கலர் பட்டு?’ என்றுதான்.

தல்லாகுளம் பெருமாள் கோயிலில், தங்கக் குதிரையில் ஏறுவதற்கு முன் அழகருக்கு அலங்காரம் நடக்கும். பல நிறப் பட்டுகள் இருக்கும் பெட்டிக்குள் பட்டர் கையை விடுவார். எது சிக்குகிறதோ அதுதான் அன்றைக்கு அழகரின் உடை. பச்சை வந்தால் நாடு செழிக்கும், மஞ்சள் என்றால் மங்கல காரியங்கள் நடக்கும், சிவப்பு என்றால் கொஞ்சம் கவலைதான் என்பது மக்களின் நம்பிக்கை. சுற்றுவட்டார விவசாயிகளுக்கு இது வெறும் அலங்காரம் இல்லை. அந்த வருஷத்து விளைச்சல் பற்றிய சேதி.

அழகருக்கு ஒரு தடவை பெட்டிக்குள் கைவிட்டால் போதும். வீட்டு அலமாரி முன்னால் நிற்கும் பெண்களுக்கு அது அத்தனை சுலபமில்லை. மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை, ஆற்றில் இறங்கும் வைபவம் என்று வரிசையாக விசேஷங்கள். நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. எதற்குப் பட்டு, எதற்குச் சுங்குடி?

திருக்கல்யாணத்தன்று குழப்பம் உச்சத்துக்குப் போகும். அம்மனுக்கே கல்யாணம். அந்த நேரத்தில் சுமங்கலிகள் தாங்களும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். அப்படியானால் பட்டுதானே முறை என்று தோன்றும். ஆனால் சித்திரை வெயில் மதுரையில் நூறு டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சரிகை நிறைந்த கல்யாணப் பட்டு முக்கால் கிலோ, சில சமயம் ஒரு கிலோகூட இருக்கும். அதை உடுத்திக்கொண்டு ஆடி வீதிக் கூட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தால் ஆளும் வாடிவிடுவார், புடவையும் வியர்வைக் கறை பிடித்துவிடும். கஞ்சி போட்ட ஒரு சுங்குடிக்கு இந்தப் பிரச்னையே கிடையாது.

‘சுங்குடியா? அது வீட்டில் கட்டுவதாச்சே!’ என்று சிலர் முகம் சுளிக்கலாம். கதையே இங்கேதான் மாறுகிறது.

சுங்குடி மதுரைக்கு வந்தது சௌராஷ்டிர மக்களோடு. குஜராத்திலிருந்து பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்து, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்தவர்கள், நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்டார்கள். நெசவும் சாயமும் அவர்கள் கைத்தொழில். குஜராத்தின் பாந்தினிக்கும் ஜப்பானின் ஷிபோரிக்கும் சுங்குடிக்கும் அடிப்படை ஒன்றுதான். துணியை இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது.

பருத்தித் துணியை மடித்து, சீரான இடைவெளியில் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் துணியைத் துளியூண்டு கிள்ளி நூலால் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலை முடிந்த நேரத்தில் செய்வது. முடிச்சுப் போட்ட துணி சாயத் தொட்டிக்குப் போய்வந்து, காய்ந்து, முடிச்சு அவிழ்ந்தால் அரக்கு, கருஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஆழமான நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி பூத்திருக்கும். ஒரு புடவை முடிய நாள்கணக்காகும்.

2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குள் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. மெழுகில் தோய்த்த அச்சால் ஒற்றியும், ஸ்கிரீன் பிரிண்ட்டிலும் அதே புள்ளிகளைச் சீக்கிரமாகப் போட்டுவிடலாம். விலை குறைவு, டிசைன் ஏராளம். கடைகளில் ‘சுங்குடி’ என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். அதில் தப்பில்லை, அன்றாடம் கட்ட அருமையான புடவை. ஆனால் கை முடிச்சுச் சுங்குடி என்பது வேறு சரக்கு. அதைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உழைப்புக்கேற்ற கூலி இல்லாத வேலைக்கு அடுத்த தலைமுறை ஏன் வரப்போகிறது? ஆக, பட்டைவிட அரிதாகிக்கொண்டிருக்கும் ஒன்றைத்தான் ‘வீட்டில் கட்டுவது’ என்று ஒதுக்குகிறோம்.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளிகளைக் கூர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கையால் கட்டிய புள்ளிகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும், துணியில் சின்னச் சுருக்கம் தென்படும். எல்லாப் புள்ளியும் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இருந்தால் அது அச்சு. புடவையைத் திருப்பியும் பாருங்கள். கட்டிச் சாயமேற்றியதில் இரண்டு பக்கமும் ஒரே நிறம். பிரிண்ட்டில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மெழுகு அச்சில் சிலவேளை மயிரிழை போன்ற வெடிப்புக் கோடுகள் ஓடும். விளக்குத்தூண் பக்கம் போகிறவர்கள் கடைக்காரரிடம் வெட்கப்படாமல் ‘கை முடிச்சா, அச்சா?’ என்றே கேட்கலாம்.

முகூர்த்தத்துக்குப் பட்டை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். கூறைப்புடவை ஒரு குடும்பத்தின் நினைவு. பேத்தி வரைக்கும் போகும். வாங்கும்போது சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நலுங்கு, வளைகாப்பு, காதுகுத்து, மறுவீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டு எடுத்து, ஒரே ஒரு தடவை கட்டி, பீரோவில் அடுக்கிவைப்பதை யோசிக்கலாம். அந்த வரிசையில் ஒரு கை முடிச்சுச் சுங்குடியோ, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியோ வந்தால் அடிக்கடி கட்டுவார்கள். முக்கியமாக, வளைகாப்புப் பெண்ணுக்குப் பட்டின் கனம் ஒரு தண்டனை.

உடை விஷயத்தில் மதுரைக்கு ஒரு பெரிய பழைய கதையும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்தார். ஏழைகளால் கதர் வாங்கி முழுதாக உடுத்த முடியாது என்பதுதான் அவரை உறுத்தியது. அந்த வீட்டில் இன்றும் கதர் விற்பனை நடக்கிறது. பட்டு வேட்டி வாங்கும் மாப்பிள்ளை வீட்டார் வரவேற்புக்கு ஒரு கதர் வேட்டியையும் அங்கே பார்க்கலாம்.

திருவிழாவுக்கென்றே தனி உடை உடுத்துபவர்களும் இருக்கிறார்கள். அழகருக்குத் திரி எடுப்பவர்கள், தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுபவர்கள் என வேண்டுதல்காரர்கள் வண்ண வண்ண உடையும் தலையலங்காரமுமாக வருவார்கள். இதைத் தைப்பவர்கள் புதுமண்டபத்துத் தையல்காரர்கள். அவர்களில் இஸ்லாமியரும் உண்டு. மண்டபத்திலிருந்து கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் சித்திரை நெருங்கினால் தையல் மிஷின் சத்தம் ஓயாது.

கை முடிச்சுச் சுங்குடி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, கல் உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். கொஞ்சம் சாயம் போகும், பயப்பட வேண்டாம். அந்த மூன்று அலசலையும் திருவிழாவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஆற்றுக்குப் போகிறவர்கள் மேல் எப்படியும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பட்டில் பட்டால் அன்றைக்கு மனசே சரியிருக்காது. சுங்குடி, கோரிப்பாளையம் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும்.