‘ஹோம்’ என்னும் சிறு சொல்

இங்கிலீஷ் பாஷை கற்கத் தொடங்கும் சிறுவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொற்களில் ‘ஹோம்’ என்பதும் ஒன்று. வீடு என்று அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டு உபாத்தியாயர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். ஆனால் ராஜாங்க தஸ்தாவேஜுகளில் இச்சொல்லைப் போலப் பல வேஷம் போட்ட சொல் வேறு அதிகமில்லை. அவ்வேஷங்களை அறிந்துகொள்வது வெறும் இலக்கண வினோதமன்று. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவருக்கும் அது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சாதாரண வழக்கைப் பார்ப்போம். ‘ஹௌஸ்’ என்பது கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கட்டடம். ‘ஹோம்’ என்பது அதனுள் நடக்கும் வாழ்வு. பிறந்த ஊரும் ஹோம். அநாதைக் குழந்தைகளையும் முதியோரையும் காக்கும் விடுதியும் ஹோம். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸிங் ஹோம். சுவரில் அடித்த ஆணி முழுவதும் இறங்கிவிட்டாலும், ஒருவர் செய்த வாதம் எதிராளியின் மனத்தில் நன்றாய்த் தைத்துவிட்டாலும், அதற்கும் இச்சொல்லே. சுதந்திர தினத்தன்று கவர்னர் மாளிகையில் நடக்கும் ‘அட் ஹோம்’ என்பதற்கு ‘வீட்டில் இருக்கிறோம்’ என்பதே நேர்ப் பொருள். நம் பத்திரிகைகள் அதைத் தேநீர் விருந்து என்று எழுதுகின்றன. அதுவே சரி, சொல்லை விட்டுக் காரியத்தைப் பெயர்த்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் தீங்கற்ற அர்த்தங்கள். ராஜ்யம் இச்சொல்லைக் கையிலெடுத்தபோதுதான் விஷயம் வேறாயிற்று.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கு ‘ஹோம்’ என்றால் இங்கிலாந்து. முப்பது வருஷம் இங்கே உத்தியோகம் பார்த்தவருக்கும் இது வீடன்று. அதனால் அவருக்குக் குறைவொன்றுமில்லை; குறைவு நமக்கே ஏற்பட்டது. இந்திய வரிப்பணத்திலிருந்து லண்டனில் செலவழிக்கப்பட்ட தொகைக்கு ‘ஹோம் சார்ஜஸ்’ என்று பெயர். கடன்களுக்கும் ரெயில்வேக்களுக்கும் வட்டி, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தரின் பென்ஷன், இந்தியா ஆபீஸின் செலவு, இங்கிலாந்தில் வாங்கிய சாமான்களின் விலை யாவும் அதில் அடக்கம். 1901-02-ஆம் வருஷத்தில் மட்டும் அது ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பவுன். நம்மை ஆண்ட இந்தியா மந்திரியின் சம்பளத்தைக்கூட, 1919-ஆம் வருஷத்துச் சட்டம் மாற்றும் வரையில், நாமே கொடுத்து வந்தோம். பெயரோ ‘வீட்டுச் செலவு’! யாருடைய வீடு என்ற கேள்வியைத்தான் தாதாபாய் நௌரோஜி முதலிய பெரியோர் ஆயுள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே சொல்லை ஆளப்பட்டோரும் கைப்பற்றினர். 1870-இல் ஐசக் பட் என்பவர் டப்ளினில் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே ‘ஹோம்’ இருந்தது. அயர்லாந்துக்கு ‘ஹோம் ரூல்’ வேண்டுமென்ற அக்கிளர்ச்சி காரணமாக 1886, 1893, 1912 வருஷங்களில் பார்லிமெண்டில் மசோதாக்கள் வந்தன. 1916-இல் திலகரும் அன்னி பெஸண்ட் அம்மையாரும் தனித்தனியே ஹோம் ரூல் சங்கங்களை இந்தியாவில் நிறுவினார்கள். சென்னையிலிருந்து வேலை செய்த அம்மையாரை மாகாண சர்க்கார் 1917 ஜூனில் காவலில் வைத்தது. தேசம் கொதித்தெழவே, செப்டம்பரில் விடுதலை செய்தது. இடையில் ஆகஸ்டு 20-ந் தேதி மாண்டேகு வெளியிட்ட அறிக்கையில் ‘ஹோம் ரூல்’ என்ற பதத்தைக் காணோம்; ‘பொறுப்பாட்சி’ என்ற பதமே இருந்தது. அக்காலத்து இந்திய சர்க்காரில் ‘ஹோம் டிபார்ட்மெண்ட்’ என்றோர் இலாகாவும் உண்டு. ஹோம் ரூல் கேட்டவர்களை உளவு பார்த்துக் குறிப்பெழுதியது அந்த இலாகாதான். ஒரே சொல் ஒருவர் வாயில் சுதந்திரம். மற்றொருவர் கையில் போலீஸ்.

அதே 1917-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி லண்டனில் மற்றொரு கடிதம் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி பால்பர், ராத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதியது அது. பாலஸ்தீனத்தில் யூத ஜனங்களுக்கு ஒரு ‘நேஷனல் ஹோம்’ ஏற்படுவதை பிரிட்டன் ஆதரிப்பதாக அது கூறிற்று. ராஜ்யம் என்று சொல்லவில்லை. வீடு என்று சொல்லிற்று. 1897-இல் பேஸல் மகாநாட்டிலும் ராஜ்யம் என்ற பதத்தைத் தவிர்த்து அதே பொருளுள்ள ஜெர்மன் சொல்லையே வைத்திருந்தார்கள். ஒரு சாரார் அதை ராஜ்யம் என்று வாசித்தனர். பாலஸ்தீனம் முழுவதுமே வீடாகும் என்பது கருத்தன்று என்று 1922-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வியாக்கியானம் செய்தது. ஏற்கெனவே அங்கு வீடு வாசலோடு வாழ்ந்திருந்த அராபியரின் பெயர் கடிதத்தில் இல்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்றுதான் இருந்தது. 1948-இல் இஸ்ரேல் பிறந்தது. அந்த யுத்தத்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட அராபியர் தங்கள் வீடுகளை இழந்தனர். அத்தகராறு இன்றும் தீர்ந்தபாடில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் விபரீதம். 1970-இல் அங்கே இயற்றிய சட்டம் கறுப்பு மக்கள் ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு ‘ஹோம்லாண்டின்’ பிரஜையாக்கிற்று. உனக்கு ஒரு வீடு தந்துவிட்டோம். ஆகவே இந்தத் தேசத்தில் நீ அந்நியன் என்பதே அதன் தாத்பரியம். 1976-இல் டிரான்ஸ்கை முதலாக நான்கு ‘வீடுகள்’ சுதந்திர நாடுகளென்று பிரகடனமாயின. உலக ராஜ்யங்கள் அவற்றை ஒப்பவில்லை. 1994-இல் அவை மறைந்தன.

சொல்லைக் கொடுத்து ஏமாற்றுவது போலவே சொல்லைக் கொடாமலிருப்பதும் உண்டு. 1985-இல் திம்புப் பேச்சு வார்த்தையில் இலங்கைத் தமிழர் பிரதிநிதிகள் தங்கள் தாயகத்தை அங்கீகரிக்கும்படி கேட்டார்கள். 1987 ஜூலை 29-ந் தேதி கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் சரித்திர பூர்வமாக வசித்துவந்த பிரதேசங்கள் என்று மட்டும் எழுதப்பட்டது. வசிப்பது வேறு, தாயகம் வேறு. எழுதியவர்கள் அதை அறியாமல் எழுதவில்லை.

இவற்றால் நாம் தெளிவது என்ன? கடுமையான சட்டச் சொற்களைக் கண்டால் யாவரும் விழித்துக்கொள்கிறார்கள். அடுப்பங்கரை வாசனையுள்ள சொல் வரும்போது மனம் இளகிவிடுகிறது. ராஜதந்திரிகள் விரும்புவதும் அதையே. ஆகவே எந்த உடன்படிக்கையிலேனும் அறிக்கையிலேனும் ‘ஹோம்’ என்று கண்டால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அது யாருடைய வீடு? சாவி யார் கையில் இருக்கிறது? அங்கே முன்பே குடியிருப்பவர் யார்?

தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நாம் வீடு, தாயகம், உள்நாடு, இல்லம் என்று இடத்துக்கேற்ப வெவ்வேறு சொல் இட்டே தீர வேண்டும். இங்கிலீஷில் மறைந்து நின்ற அர்த்தம் அப்போது வெளியே வந்துவிடும். அன்றியும், அறம், பொருள், இன்பம் என்ற மூன்றுக்கும் பின்னே நம் முன்னோர் வைத்த நான்காவது புருஷார்த்தத்துக்கும் வீடு என்றே பெயர். ‘விடு’ என்பதிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு விடுதலை என்பது பொருள். எவர் எந்த ஜனங்களுக்கு வீடு தருவதாகச் சொன்னாலும், அதில் அந்த விடுதலை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவதே புத்திசாலித்தனம்.