முடங்கிய உடலும் மரத்துப்போன உள்ளமும்

நற்செய்தி நூல்களின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "திமிர்வாதக்காரன்" என்னும் சொல்லைக் காணும் இன்றைய இளைஞர் சற்றுத் தடுமாறக்கூடும். திமிர் என்றால் செருக்கு என்பதே அவர்கள் அறிந்த பொருள். ஆனால் திமிர்த்தல் என்பதற்கு மரத்துப்போதல், உணர்வற்றுப்போதல் என்னும் பொருளும் உண்டு. மாற்கு நற்செய்தியின் கிரேக்கச் சொல்லோ கட்டுத் தளர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. கிரேக்கச் சொல் தளர்ந்த உறுப்பைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் இழந்த உணர்வைச் சுட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே முடக்கத்தின் முழு உருவம் நமக்குப் புலப்படும்.

உடல் முடங்குவது ஒன்று. உள்ளம் முடங்குவது மற்றொன்று. முன்னதை நீக்கும் ஆற்றல் பெரும்பாலும் நம் கையில் இல்லை. பின்னதை நீக்கவோ மிகுவிக்கவோ நம்மால் இயலும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் பணியாற்றும் ஆயர்களையும், அங்கே களப்பயிற்சி பெறும் இறையியல் மாணவர்களையும் மனத்திற்கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

1. உடலின் முடக்கம்

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் நோயின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. மூளையின் இடப்பக்கம் தாக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். பலருக்குப் பேச்சும் தடைப்படும். பேச இயலாதவர் யாவும் அறியாதவர் அல்லர். அவர் அருகிலிருக்கும்போது அவரைப்பற்றி மற்றவரிடம் பேசுவது அவரைப் பொருளாக்கிவிடுவதாகும்.

அடைப்பினால் வரும் பக்கவாதத்திற்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதனை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். புறா இரத்தம் தடவுவது போன்ற வழக்கங்களிலோ, வீட்டில் கூடிச் செபிப்பதிலோ அந்நேரம் கழிந்துவிடலாகாது. 108 எண்ணை அழைத்து நோயாளியை அனுப்பிவிட்டுச் செபிப்பது விசுவாசக் குறைவாகாது.

முதுகுத் தண்டுவடம் காயப்பட்டால், காயத்திற்குக் கீழுள்ள பகுதி அசைவை மட்டுமன்றி உணர்வையும் இழக்கக்கூடும். கழுத்தில் காயம்பட்டால் கைகால் நான்கும், அதற்குக் கீழே பட்டால் கால்கள் இரண்டும் முடங்கும். வலி தெரியாமையால் படுக்கைப் புண் உண்டாகும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். ஆகவே படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல் வேண்டும். இப்பணி பெரும்பாலும் மனைவியின்மீதோ தாயின்மீதோ விழுகிறது. இரவில் தொடர்ந்து உறங்காத அவருடைய களைப்பையும் நினைவில் வைத்தே நாம் அவ்வீட்டிற்குள் செல்லவேண்டும்.

இளம்பிள்ளைவாதம் அசைவைக் கெடுக்குமேயன்றி உணர்வைக் கெடுப்பதில்லை. இந்தியாவில் அதன் இறுதி நோயாளி 2011 சனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. எனினும் குழந்தைப் பருவத்தில் அதனால் தாக்கப்பட்டோர் பலர் நடுவயதையும் முதுமையையும் எட்டி நம் சபைகளில் இருக்கின்றனர்.

2. உள்ளத்தின் முடக்கம்

உடல் முடங்கியவர் அழுவதும் சினப்பதும் கடவுளோடு வழக்காடுவதும் துயரத்தின் இயல்புகள். இவை உயிருள்ள உள்ளத்தின் அடையாளங்களாதலால் நாம் அஞ்சவேண்டுவதில்லை. அழுகையும் சினமும் விருப்பமும் அற்று, யார் வந்தாலும் சுவரை நோக்கித் திரும்பிக்கொள்ளும் நிலையே அஞ்சத்தக்கது. அப்போது உள்ளம் மரத்துப்போகத் தொடங்கிவிட்டது எனலாம்.

இதற்கு மருத்துவக் காரணமும் இருக்கலாம். பக்கவாதம் கண்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர். அது பாவமன்று, மருந்தாலும் உரையாடலாலும் தணியும் நோய். மனநல மருத்துவரிடம் அனுப்புவதை ஆயர் தம் தோல்வியாகக் கருதலாகாது. 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணைச் சபையார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

ஆயினும் உள்ளத்தை முடக்கும் காரணங்கள் சிலவற்றை நாமே வீட்டிற்குள் கொண்டுசெல்கிறோம். "விசுவாசித்தால் எழுந்து நடப்பீர்" என்று சொல்லிச் செபித்துவிட்டு நாம் திரும்பிவிடுகிறோம். அவர் எழவில்லை. அடுத்த வாரமும் எழவில்லை. நடக்க இயலாமைக்கு மேல், விசுவாசம் அற்றவர் என்னும் பழியையும் அவர் சுமக்கிறார். சிலர் மறைந்த பாவம் ஒன்று இருக்குமோ என்றும் வினவுகின்றனர். லூக்கா 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் யோவான் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் இயேசு மறுத்த கணக்கையே நாம் மீண்டும் போடுகிறோம்.

3. ஓர் எடுத்துக்காட்டு: மருத்துவர் மேரி வர்கீஸ்

பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையும், அம்பத்தூர், ஆவடி வழியே காட்பாடி செல்லும் இருப்புப்பாதையும் நம்மை வேலூருக்கு அழைத்துச் செல்கின்றன. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மகப்பேறு மருத்துவராக விரும்பிய கேரளப் பெண் மேரி வர்கீஸ். 1954 சனவரி 30 அன்று அவர் பயணம் செய்த ஊர்தி கவிழ்ந்தது. தண்டுவடம் காயமுற்று, இரு கால்களும் முடங்கின. முகத்திலும் ஆழ்ந்த வடு ஏற்பட்டது. அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

அவருடைய வாழ்வில் திருப்பம் நடக்கும் ஆற்றல் திரும்பியதால் வரவில்லை. தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் ஈடுபட்டிருந்த மருத்துவர் பால் பிராண்ட், அவரிடம் ஒரு பணியை முன்வைத்தார். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம். ஆகவே சக்கர நாற்காலியில் இருந்தே அவர் அறுவை மருத்துவராகலாம் என்றார். கால்கள் உணர்விழந்த மருத்துவர், உணர்விழந்த கைகளைச் சீராக்கத் தொடங்கினார்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பினார். அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் முடக்கமுற்றோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் மறையும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

இதனை "மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம்" என்னும் அறிவுரையாகச் சுருக்கிப் படுக்கையில் இருப்பவரிடம் சொல்வது கொடுமையாகும். மேரி வர்கீஸுக்கு மருத்துவக் கல்வி இருந்தது. நல்ல மருத்துவம் கிடைத்தது. தாங்கிய நண்பர்கள் இருந்தனர். யாவற்றுக்கும் மேலாக, "உம்மால் எங்களுக்குப் பயனுண்டு" என்று உணர்த்தி, அதற்கேற்ற வேலையைக் கையில் கொடுத்த ஒருவர் இருந்தார். நம் படிப்பினை அவரைச் சூழ்ந்திருந்தவர்களைப் பற்றியது.

4. நால்வரும் ஒருவருமில்லாமையும்

இந்நோக்கில் மாற்கு 2:1-12 பகுதியை யோவான் 5:1-9 பகுதியோடு ஒப்பிடலாம். கப்பர்நகூமில் முடங்கியவரை நால்வர் சுமந்து வந்தனர், கூரையையும் பிரித்தனர். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவரோ, தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்றார். குணமாக விருப்பமா என்று இயேசு கேட்டதை அம்மனிதரின் சோம்பலைக் கடிந்ததாகச் சிலர் பிரசங்கிப்பதுண்டு. அம்மனிதரின் விடையோ அவருடைய தனிமையையே காட்டுகிறது.

மாற்கு நற்செய்தியில் இயேசு கண்டது சுமந்துவந்தோரையும் உள்ளடக்கிய விசுவாசத்தை. ஆகவே எழ இயலாதவரின் விசுவாசத்தை அளப்பதற்குமுன், சுமக்கவேண்டியோரின் விசுவாசத்தைத் திருச்சபை அளந்துகொள்ளல் வேண்டும். மேலும், அவர் நடப்பதற்கு முன்னரே இயேசு அவரை "மகனே" என்று அழைத்து மன்னிப்பை அறிவிக்கிறார். அவர் நடந்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மதிப்பு நடந்தபின் கிடைத்ததன்று. பாயில் கிடந்தபோதே அவர் மகன்.

5. நம் புறநகர்ச் சபைகள்

1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின், பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்குக் குடியேறின. உறவினர் ஊரில், வேலை இங்கே. வீட்டுத் தலைவர் முடங்கும்போது சுமக்க நால்வர் அருகில் இருப்பதில்லை. வாடகை வீடு மாடியில் இருந்தால் அவர் மாதக்கணக்கில் தெருவையே காணார். இங்கே சபையே அந்த நால்வராகவேண்டும்.

முதலாவது, மாதம் ஒருமுறை நற்கருணையோடு செல்வதில் நம் கடமை முடிவதில்லை. வாரம் ஒரு நாள் சில மணி நேரம் நோயாளியோடிருந்து, பராமரிப்பவரை உறங்கவோ வெளியே சென்றுவரவோ விடும் குழு ஒன்று அமைக்கலாம்.

இரண்டாவது, உரிமைகளை அறிந்து கூறவேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் பெற, அம்பத்தூரார் சென்னை மாவட்ட அலுவலகத்தையும், ஆவடி, பூவிருந்தவல்லியார் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்தையும் நாடவேண்டும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் உள்ளவர் பணியின்போது காயமுற்று நிரந்தரமாக முற்றிலும் உழைக்க இயலாதவரானால், ஊதியத்தில் 90 விழுக்காடு அளவில் மாதந்தோறும் உதவி பெற வழியுண்டு. விண்ணப்பம் எழுதித் தருவதும் ஆயர் பணியே.

மூன்றாவது, வாயிற்படிக்குச் சாய்தளம் அமைப்போம். மாடியில் கூடும் சபைகள், மாதம் ஒருமுறையேனும் தரைத்தளத்தில் கூடலாம். திருவிருந்தில் முழந்தாளிட இயலாதவரிடம் கடைசியில் செல்லாமல் முதலில் செல்லலாம்.

நான்காவது, அவரிடம் ஒரு பணியைக் கேட்போம். மறைக்கல்விப் பாடம் ஆயத்தம் செய்தல், கணக்குப் பார்த்தல், தனித்திருப்போருடன் தொலைபேசியில் பேசுதல், சபையின் தேவைகளுக்காகச் செபித்தல் என அவரால் இயன்றது ஏதேனும் இருக்கும். இரக்கத்திற்காகக் கற்பிக்கும் வேலையை அவர் உடனே கண்டுகொள்வார். ஆகவே சபைக்கு மெய்யாகவே தேவையான வேலையாக அது இருத்தல் வேண்டும்.

இறுதியாக, பேச ஒன்றுமில்லாத நாள்களும் வரும். அந்நாளில் 88ஆம் சங்கீதத்தை அவரோடு வாசிக்கலாம். அது நம்பிக்கையின் சொல்லோடு முடியாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் கடவுளை நோக்கிய செபமாகவே வேதத்தில் இடம்பெற்றுள்ளது. வாசித்தபின் விளக்கம் கூறவேண்டுவதில்லை. சற்று நேரம் அருகில் அமர்ந்திருந்து, மறுபடியும் வரும் நாளைச் சொல்லி, அந்நாளில் தவறாது செல்வோமாக.